காற்றில்லாத வீட்டில் அப்பா பேசுகிறார்

வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்
ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்புள்ள மகள் ஜினிஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை டிஜோவும் குட்டி ஆன்ஸ்லினும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் எது பேசினாலும் அடுத்த அறைக்குக் கேட்கிறது. ஆரல்வாய்மொழியில் நம் வீட்டு அடுக்களையில் நான் நின்றுகொண்டு உன் அப்பாவைப் பற்றி உன்னிடம் போனில் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன், அவர் முன்னறையில்தான் இருப்பார், ஒரு எழுத்து கேட்காது, காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே அந்த வசதி இல்லை. இப்போது சொல்லப்போவதும் அவரைப் பற்றித்தான், அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். தபாலில் போட அவரிடம்தான் கொடுக்க வேண்டும், நன்றாக ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

நாங்கள் இங்கே குடிவந்தபோது நீ போட்ட சண்டையை நான் மறக்கவில்லை. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு இந்த வயசில் வாடகைக்கு மாடி வீட்டுக்குப் போவார்களா, போவதென்றால் இங்கே அயர்லாந்துக்கு வரவேண்டியதுதானே என்றாய். ஏன் மக்களே, நீ சென்னையில் வேலை பார்த்தாய், ஒத்து வரவில்லை என்று ரியாத் போனாய், அங்கிருந்து டப்ளின் போனாய், போன வருஷம் டப்ளினும் மனசுக்கு ஒட்டவில்லை என்று கார்க்குக்கு மூட்டை கட்டினாய். ஒரு ஆள் ஏன் என்று கேட்டதுண்டா? பிள்ளை முன்னேறுகிறாள் என்றார்கள். நான் அறுபது வயசில் ஒரே ஒரு தடவை, இந்தக் காற்று எனக்குப் போதும், கொளுத்தி வைத்த மெழுகுவர்த்தி அணையாமல் நிற்கிற இடத்தில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன் என்று சொன்னதும் அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஆளாளுக்குப் போன் போட்டீர்கள். நான் என்ன கடலா தாண்டினேன், அரை மணி நேர பஸ். கருங்கல் பக்கம் பலா மரத்தடியில், இலை அசையாத ஊரில் பிறந்தவள் நான். என்னைக் கொண்டுபோய் அந்தக் கணவாய்க் காற்றில் கட்டிக்கொடுத்தார்கள், பிறகு சுற்றிலும் காற்றாடியும் நட்டு வைத்தார்கள். அந்தக் காற்றில் கரண்டு எடுக்கிறார்கள், எடுக்கட்டும், நல்லதுதான். நான் மனுஷி, எனக்குத் தொண்டை வலிக்கிறது. உன் அப்பா சம்மதித்தது ஒரே நிபந்தனையில். ஆறு மாசம் பார்ப்போம், வீட்டை ஒருத்தருக்கும் கொடுக்காண்டாம், பூட்டிப் போடு, திரும்பி வரணும்லா என்றார். நானும், வருவது என் முடிவு, திரும்புவதா இல்லையா என்பது உங்கள் முடிவு, அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைக்காத குறையாகச் சொல்லிவிட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

முதல் வாரத்துக் கூத்தைக் கேள். சாமான் கட்டும்போது பானை மூடிமேல் வைக்கிற கற்களையும் மறக்காமல் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். காற்று மூடியைத் தூக்காமல் இருக்கத்தான் கல் வைப்போம் என்பதே இத்தனை வருஷப் பழக்கத்தில் மறந்துவிட்டது, குழம்பு என்றால் மேலே கல் இருக்க வேண்டும் என்று கை தானாகவே வைக்கிறது. கீழ் வீட்டு ஓமனா வந்து பார்த்துவிட்டு, எக்கா இது உங்க சபையில உள்ள வழக்கமா என்று பக்தியோடு கேட்டாள். துணி காயப் போட்டால் ஒரு சேலைக்கு எட்டு கிளிப் போட்டேன், இங்கே ஒன்றுகூட வேண்டாம், போட்ட இடத்தில் போட்டபடியே கிடக்கிறது. பேப்பர் விரித்தால் விரித்தபடி இருக்கிறது. எனக்கோ அதையெல்லாம் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். உன் அப்பாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. அவருக்கு இருப்பதே இரண்டு வார்த்தைதான், பிடித்தால் கொள்ளாம், பிடிக்காவிட்டால் கொள்ளாது. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், கொள்ளாது என்றார். சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அடுக்களையில் இருக்கிற புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தார்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் அடுக்களையிலிருந்து குளிக்கத் தண்ணீர் சூடாகிவிட்டது என்று அவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால் ஆரல்வாய்மொழிக் கணக்கில், காற்றுக்கு மேலே கேட்கிற மாதிரி. ஓமனா மாடிப்படி ஏறி ஓடி வந்து, எக்கா வல்ல பிரச்சினையும் உண்டா, நான் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடட்டா என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். எனக்கு மானம் போயிற்று. ஒன்றுமில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டுத் திரும்புகிறேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் உன் அப்பா பைய சொல்கிறார், பிரச்சினை உண்டு, ஆனா கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணியாச்சே. நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என்ன சொன்னிய என்றேன். ஒண்ணும் இல்ல என்றார். இந்த ஒண்ணும் இல்ல இருக்கிறதே, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்டுவரும் பதில் அதுதான். அவர் வாய் ஏதோ அசையும், எனக்கு ஒன்றும் விழாது, என்ன என்பேன், ஒண்ணும் இல்ல என்பார். மில் சத்தத்தில் வேலை பார்த்த மனுஷன், தனக்குத்தானே ஏதோ முணுமுணுக்கிறார் என்று விட்டுவிடுவேன். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

அதற்குப் பிறகு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். முன்னறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிப் போட்டேன், நீலத்தில் சின்னப் பூப் போட்டது. அது நேராகத் தொங்குகிறது, ஒரு அசைவு இல்லை. அவர் அதன் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உசுரு இருக்கா என்றார். போன மாசம் சபைக் கோவிலில் போதகர் ஐயர் பிரசங்கத்தில், கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போகிறார், இவர் குனிந்தபடி, இது மூணாவது கடைசி என்கிறார். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்து, அதை இருமலாக மாற்றி, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, ஒருத்தி மிட்டாய்கூட எடுத்துக் கொடுத்தாள். மக்களே, உன் அப்பா ஒரு சிரிப்பாணிக்காரர். நான் ஒரு சிரிப்பாணிக்காரரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது! எத்தனை சொல்லியிருப்பார், எல்லாம் காற்றோடு முப்பந்தல் வழியாகத் திருநெல்வேலிக்குப் போயிருக்கும். பிறகு யோசித்தபோது உன்மேல் கோபம் வந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து, அவர் தாடை உன் தலைமேல் முட்ட, பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் ஒன்றுமில்லாததற்குச் சிரித்துக்கொண்டே வருவாய். இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த இளிப்பு என்று நான் வைதிருக்கிறேன். உனக்குக் கேட்டிருக்கிறது. கள்ளி, ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாயா?

அவருக்குக் காது மந்தம் என்று நாம் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தோமே, அதற்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கருவியை மாட்டி, மணி அடித்து, எல்லாம் பார்த்துவிட்டு அந்தப் பெண் டாக்டர், ஐயாவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை, இந்த வயசுக்கு இவ்வளவு நல்லாக் கேட்பது அபூர்வம் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறீர்கள், தொண்டையைக் காட்டுங்கள் என்றாள். வெளியே வந்ததும் அவர் என்ன முணுமுணுத்தார் என்பதை உனக்கு எழுத மாட்டேன்.

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. ஆறு மாசம் முடியப் போகிறது. காற்றாடிக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெனிஷ் என்கிற பையன், மணவாளக்குறிச்சிக்காரன், நம் வீட்டை வாடகைக்குக் கேட்டு அப்பாவுக்குப் போன் போட்டபடி இருந்தான். அப்பா பார்ப்போம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். சாவியை அவனிடம் கொடுத்தால் நாங்கள் இங்கேயே, கொடுக்காவிட்டால் மூட்டை கட்டத்தான் வேண்டும். திரும்பிப் போனால் இந்த மனுஷனை நான் மறுபடியும் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும், இப்போதுதான் கிடைத்தார். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியாயிற்றே. நேற்று காலையில் திடீரென்று, வா ஏட்டி, வீட்டைப் பார்த்துட்டு வருவோம் என்று கிளம்பினார். சாவி சட்டைப்பையில். வாக்குக் கொடுத்துவிட்டேனே, எதற்கென்று கேட்காமல் பஸ் ஏறினேன்.

ஆரல்வாய்மொழியில் இறங்கினால், அப்பப்பா, ஆடிக் காற்றின் முழு ஆட்டம். என் முந்தானை முகத்தைச் சுற்றிக்கொண்டது, செருப்பிலிருந்து காலை எடுத்தால் செருப்பு ஓடுகிறது. பெனிஷ் வாசலில் நின்றான், நல்ல பையன், ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். அவர்கள் இரண்டு பேரும் அறை அறையாகப் பார்த்தார்கள், கிணற்றடிக்குப் போனார்கள். நான் முற்றத்தில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கிருந்து பார்க்கிறேன், அப்பா அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்கிறார், அவன் சிரிக்கிறான், பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்க்கிறான், தலையை ஆட்டுகிறான். அவர் என்னிடம் வந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. என்ன சொன்னிய என்று கத்தினேன். மறுபடியும் சொன்னார், வாய் அசைவதுதான் தெரிகிறது. வா போகலாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

பஸ் தோவாளை தாண்டி வெள்ளமடம் வந்தபோது காற்று அடங்கியது. முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று வழி மறித்ததால் டிரைவர் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் என்னால் பொறுக்க முடியவில்லை, சத்தியமாவது ஒன்றாவது, அந்தப் பையன்கிட்ட என்ன சொன்னிய என்று கேட்டுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பைய சொன்னார். சாவியக் குடுத்துட்டேன். தம்பி, சுவரு கொள்ளாம், கிணத்து வெள்ளம் கொள்ளாம், கட்டிக்கிட்டு வாறவகிட்ட ஏதாச்சும் சொல்லணும்னு தோணுச்சுன்னா பக்கத்துல போய்ச் சொல்லு, நான் இத்தன வருஷமும் தள்ளி நின்னே சொல்லிட்டேன், அவளுக்கு ஒண்ணும் கேக்கல்ல, அப்படீன்னு சொன்னேன் என்றார். ஒரு தடவையாவது சத்தமாய்ச் சொல்லியிருக்கலாமே என்றேன். சத்தமா சொன்னா சண்டை போல இருக்கும்லா என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து கண்டக்டர் என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்கும்படி ஆயிற்று. நான் நகர்ந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். வடசேரியில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இவ்வளவுதான் செய்தி. கார்க் உனக்கு ஒத்து வந்துவிட்டதா என்று நான் இனிக் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன், ஒத்து வந்தால் இருங்கள், வராவிட்டால் வேறு ஊர் பாருங்கள், வயசு இருக்கிறது, எனக்கே இருக்கிறதே. ஆனால் நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு ஷிப்டில் ஓடுகிறீர்கள், ஒருத்தர் இந்த அறையிலிருந்தும் ஒருத்தர் அந்த அறையிலிருந்தும் பேசிக்கொள்வதை வீடியோவில் பார்க்கிறேன். பக்கத்தில் போய்ப் பேசுங்கள். ஆன்ஸ்லினுக்குத் தலை ஈரமாக இருக்கும்போது வெளியே கொண்டுபோகாதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது கம்பளி ஒன்றும் வாங்கி வராதே, இங்கே திரைச்சீலைகூட வேர்க்கிறது. முக்கியமான ஒன்று, இனிமேல் போனில் அப்பா அப்பா என்று கத்தாதே. மெதுவாகப் பேசு, அவருக்கு எல்லாம் கேட்கிறது. நீ பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாமல் கொஞ்சம் பொறுத்திரு, அதற்குப் பிறகுதான் அவர் பேசுவார். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, மூன்று பேரையும் ஆசீர்வதிப்பாராக.

என்றும் உன் அன்பு அம்மா,
நேசபாய்

மக்கா, உங்க அம்மா உறைய ஒட்டி என் கையில தந்தா. பசை காயல்ல. வாசிச்சேன். கடுதாசியும் சத்தமாத்தான் இருக்கு. வீடு கொள்ளாம்.
அப்பா