வத்தலுக்கு நாற்பது நிமிஷம்

நாள் 61 — 07:10
நிலவு, தென்முனை விளைச்சல் கூடம். பதிபவர்: ஜெபக்கனி, செடிப் பிரிவு. ஆள் இருப்பு: ஒன்று.
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கீரைத் தட்டு நான்கில் மூன்று சரி. கிளி சரியில்லை.

எடை குறைந்த இடத்தில் கிளிமுட்டை பொரிகிறதா என்று பார்க்க மூன்று முட்டை அனுப்பினார்கள். ஒன்று பொரிந்தது. பெண். பெயர் வத்தல், வயது பதினோரு வாரம். கூட இருந்த இரண்டு பேரும் முறை முடிந்து ஊருக்குப் போய் இன்றோடு அறுபத்தொரு நாள்; அதிலிருந்து இது என் தலையில். இன்று தீனி வைக்கும்போது சுண்டுவிரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. இந்த வாரத்தில் பத்தொன்பதாவது கடி.

நாள் 63 — 11:25
கையுறை போட்டுப் பார்த்தேன். கடிக்கவில்லை. கழற்றினேன். கடித்தது. மூதி.

கூண்டில் அடைத்தேன். முகத்தில் ஊதினேன். அலகைப் பிடித்துக்கொண்டு திட்டினேன். என்னமோ நான் பரிசு கொடுத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கடிக்கு வந்து நிற்கிறது. இன்று மட்டும் ஏழு. தட்டு நான்கைப் பார்க்க நேரமே இல்லை.

நாள் 66 — 09:40
தரை நிலையத்திலிருந்து செய்தி: "வெப்பக் கருவிகள் இனி தாங்காது. 84ஆம் நாள் கூடத்தை மூடுகிறோம். விமானி இர்ஃபான் வருகிறார். தயாராக இருக்கவும்."

விண்கப்பல் கிளப்பும் புழுதிக்குப் பயந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இறக்குவார்கள். வண்டி பழுது. நாற்பது நிமிஷ நடை. கிளிக்கான காற்றுப்பெட்டி அடுத்த சரக்கில் வர இருந்தது, இந்தக் கப்பலில் இல்லை. கிளியை என்ன செய்ய என்று கேட்டேன். அது உங்கள் முடிவு என்கிறார்கள். விட்டுப்போனால் ஒரே நாளில் விறைத்துச் சாகும். இதில் முடிவு எடுக்க என்ன இருக்கிறது?

ஒரே வழி, என் விண்வெளி உடுப்புக்குள்ளேயே, தாடைக்குக் கீழே கழுத்தோடு வைத்துக் கொண்டுபோவது. அந்த இடத்தில்தான் காற்றுக்குழாய் போகிறது. ரப்பர், விரல் கனம். அதை இவள் கடித்து ஓட்டை போட்டால் இரண்டு பேரும் காலி. பதினெட்டு நாளில் கடிக்காமல் இருக்கப் பழக்க வேண்டும்.

நாள் 68 — 16:05
காணொளிகளைத் தரைக்கு அனுப்பியிருந்தேன். பறவை மருத்துவர் சுகுணவதியின் பதில்: "ஜெபக்கனி, நீங்க நாள் முழுக்க வாயே திறக்கிறதில்ல. கடிச்சா மட்டும் கத்துறீங்க. அதுக்கு உங்க குரல் வேணும்னா வேற என்ன செய்யும்?"

கோபம் வந்தது. இந்தம்மா வந்து இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். பிறகு நானே காணொளியை ஓட்டினேன். நாலு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை நான். அது சுற்றிச் சுற்றி வருகிறது. கடிக்கிறது. பதினெட்டு விநாடி வைகிறேன். அதுவரைக்கும் சந்தோஷத்தில் ஆடுகிறது. வெட்கமாக இருந்தது.

இனி கடித்தால் வாய் திறக்கக் கூடாது. திரும்பிக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். கடிக்காத நேரமெல்லாம் பேச வேண்டும்.

நாள் 69 — 13:30
என்னத்தைப் பேச? யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கே எழுதிப் போட்டேன். பம்பு கழற்றும் முறையை வாசித்துக் காட்டினேன். சீலா மீனை எப்படி அறுப்பது என்று சொன்னேன். கடைசியில் அக்கா அற்புதத்தோடு ஒன்பது வருஷமாகப் பேசாத கதையை அரை மணி நேரம் சொன்னேன். தோளில் உட்கார்ந்து கேட்டது. கடிக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது. சொல்ல ஆரம்பித்தால் என் பக்கமும் அவ்வளவு நியாயமாக இல்லை, அந்த எரிச்சல் வேறு.

நாள் 75 — 10:15
கடி, நாளுக்கு மூன்று. கடிக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, இதை வாசிக்கிறவரே? கண்ணில் தண்ணீர் வருகிறது. தட்டு நான்கு அழுகிவிட்டது. போகட்டும்.

நாள் 78 — 13:50
காலையில் நகக்கண்ணிலேயே கடித்தது. என்னை அறியாமல் "சனியனே" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான். மதியத்துக்குள் பதினொன்று. பத்து நாள் பாடு ஒரே வார்த்தையில் போச்சு. யார் மேல் கோபப்பட? கத்தினது நான்தானே. தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் அது ரசித்துப் பார்த்தது.

நாள் 81 — 14:20
உடுப்புக்குள் முதல் சோதனை. பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். தொண்டை வறண்டு நிறுத்தினேன். குழாயைக் கடித்தது. ரப்பரில் தடம் தெரிகிறது. குழாயை மாற்றித் துணிநாடா சுற்றியிருக்கிறேன்.

இர்ஃபான் அலைவரிசையில் வந்தார். நல்ல பையன். "அக்கா, நான் உங்கள கூட்டிட்டுப் போகத்தான் வர்றேன். கிளிய விட்டுடுங்க." அலைவரிசையை அணைத்தேன்.

நாள் 83 — 15:00
கடைசிச் சோதனை. நாற்பது நிமிஷம் வாய் ஓயாமல் பேசினேன். தோள்பட்டையில் ஒரு கடி. குழாயில் தடம் இல்லை. கூடத்துக்குள் 14 டிகிரி, இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளை கூட்டிக்கொண்டு போகிறேன். என் முடிவு.

நாள் 84 — 13:05
குரல் பதிவு. வெளிக்கதவைத் திறந்தாச்சு. நடக்கேன். வத்தல் கழுத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கா. நகம் குத்துது. பேசிக்கிட்டே போகணும். ஏட்டி, கேக்கியா?

13:14
மேடு. மூச்சு வாங்குது. ரெண்டு நொடிதான் நிறுத்தினேன், தோள்ல ஒரு கடி. சரிட்டி, சரி, பேசுதேன். ஊருக்குப் போனதும் அற்புதம் வீட்டுக்குத்தான் முதல்ல போகப்போறோம். அவ உன்னைக் கொஞ்சுவா. என்னைத்தான் வைவா.

13:23
பாதி தூரம். கப்பல் தெரியுது. இர்ஃபான் சொல்லுதாரு: "அக்கா, பேச்சைக் குறைங்க. காத்து வேகமா தீருது." எப்படிக் குறைக்க தம்பி? நிறுத்தினா குழாயக் கடிப்பா.

13:29
இப்போ நல்லா இருக்கா. அசையவே இல்ல. கடியும் இல்ல. பாத்தியா, பழகிட்டா. தங்கம்.

13:34
அசையல.
நகம் குத்துறது தெரியல. குனிஞ்சா தலைக்கவசத்துல தாடைதான் இடிக்குது, இவ தெரிய மாட்டேங்கா. கையை உள்ள விட முடியாது. ஏட்டி. ஏட்டி வத்தல்.
குளிரா? நான் விட்ட கெட்ட காத்து கீழ தேங்கிட்டா? தூங்குதாளா?

13:36
"அக்கா, இன்னும் முன்னூறு மீட்டர். நிக்காதீங்க. நடங்க."
நடக்கேன். நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

13:37
நான் பேசுறதுனால கடிக்காம இருக்காளா, இல்ல… எனக்குத் தெரியணும். பேசிக்கிட்டே இருந்தா தெரியாது. நிறுத்தினா, உசிரு இருந்தா கடிப்பா. கப்பல் ஏறி, கதவு மூடி, காத்து நிறையுற வரைக்கும் என்னால தாங்க முடியாது.
குழாயைக் கடிச்சாலும் பரவாயில்ல. எங்க வேணும்னாலும் கடி.
வாயை மூடுதேன்.