நடு சீட்டுக்காரி கண்டுபிடித்த கியர் பொக்ஸ்

அன்பு மகன் கிறிஸ்ரிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் மஹய்யாவையில் நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம், டோஹா வெயிலில் நிற்கிற உனக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று அம்மா தினமும் ஜெபம் சொல்லிக் கொண்டிருக்கிறாள். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ சுருக்கமா சொல்லுங்கப்பா என்பாய், இது சுருக்கமாகச் சொல்லக் கூடிய விசயமே இல்லை, அதனால் லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்புகிற கீழ் வீட்டுக் கணேஸ் கையில் மிளகாய்த்தூள் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். பேச்சு என்னுடையது, எழுத்து உன் தங்கச்சி சஞ்சீவனியுடையது. நடந்ததன் முடிவை முதலிலேயே சொல்லி விடத்தான் எனக்கு ஆசை, அப்படிச் சொன்னால் அண்ணன் மிச்சத்தை வாசிக்க மாட்டார் என்கிறாள், அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

மரக்கறி ஏற்றுகிற நம் கெப் வண்டி பன்வில ஏற்றத்தில் கியர் பொக்ஸ் உடைந்து நின்ற அன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை மகன். முப்பத்தைந்து வருசக் கெப் அப்பா, வித்துட்டுப் பேசாம வீட்ல இருங்க, நான் அனுப்புறேன்ல என்றாய். ஒரு மாதம் பொறு, அதற்குள் ஓடாவிட்டால் பழைய வாகனம் வாங்குகிற மயில்வாகனத்துக்கே கொடுத்து விடுகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அந்த மனிசன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கெப்பைச் சுற்றிப் பார்த்து, லூர்து, ஓடாத வாகனத்தை வச்சு என்ன செய்யப் போறீர், இரும்பு விலைக்கெண்டாலும் நான் எடுக்கிறன் என்று சொல்லிவிட்டுப் போவார். பன்விலயில் தோட்டக்காரர்கள் என்னுடைய ஹோர்ன் சத்தம் கேட்ட பிறகுதான் மரக்கறி மூடைக்கு வாய் கட்டுவார்கள், பதினாறு வருசப் பழக்கம், அவர்களும் வேறு லொறி பேசாமல், மூடையைப் பஸ்ஸில் அனுப்பிச் சமாளித்து எனக்காக அந்த ஒரு மாதம் பொறுத்திருந்தார்கள். அதையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்து நான் யாருக்கு ஹோர்ன் அடிப்பது?

நீ கெப்பின் பதிவுப் புத்தகத்தைப் போட்டோவில் பார்த்து, உன் வேலை இடத்துக் கொம்பியூட்டரில் தேடி அனுப்பிய நம்பரை அப்படியே கடுகண்ணாவையில் பழைய வாகனச் சாமான் விற்கிற ஷிராஸுக்குக் கொடுத்தேன். மாதம் முடிய நாலே நாள் இருக்கும்போது, போன புதன்கிழமை, சாமான் வந்து இறங்கியது. மெக்கானிக் லெட்சுமணன் பாஸின் கராஜில் உடைந்த கியர் பொக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிதாக வந்தது ஒரு சாண் கட்டை! கியர் தடியும் நாம் பிடிக்கிற இடத்துக்கு வராமல் முன்னால் டாஷ்போர்டுக்குக் கீழே போய் நிற்கிறது. எனக்கு வந்த கோபத்தில் ஷிராஸுக்கு போன் எடுத்துக் கத்தினேன். அவர் பொறுமையாக, நீங்க தந்த நம்பரும் சாமான்ல உள்ள நம்பரும் ஒண்டுதான் அண்ணே, பொய் சொல்லி வித்தா அல்லாஹ் என்னைக் கேப்பான் என்றார். பாஸும் நம்பரைப் பார்த்துவிட்டு, இந்தக் கெப்புக்கு இதுதான் அண்ணே, சாமான்ல பிழை இல்ல, உங்க கெப்லதான் பிழை, இதைப் போடுறதுனா கீழே தகட்டை வெட்டணும், பின் சில்லுக்குப் போற தண்டை மாத்தணும், அதுக்கு மயில்வாகனம் ஐயாவே மேல் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியைக் கொடுத்துவிடுவோம் என்று மனதுக்குள் முடிவே எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்குச் சோறு கொண்டு வந்த உன் தங்கச்சி, வழக்கம் போலத் தலையைக் குனிந்து கொண்டு, அப்பா அந்தத் தகடு ஏற்கெனவே வெட்டினதுதானே என்றாள். பாஸுக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவு மெதுவாக. (நாங்கள் எல்லோரும் கண்டுபிடித்தோம் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தாள். வாசித்துக் காட்டச் சொன்னேன், அடித்துவிட்டு உள்ளதை எழுது என்று சொல்லிவிட்டேன். பேராதனையில் பட்டம் எடுத்தவள், நம் குடும்பத்தில் முதல் ஆள், தான் செய்ததைத் தான் செய்தேன் என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சமோ.) மகன், நீ எப்போதும் ஜன்னல் ஓரம். இல்லாவிட்டால் பின்னால் மூடை மேல். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் கியர் தடிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு பத்து வருசம் உட்கார்ந்தவள் இவள். ஏற்றம் ஏறும்போது பாதத்துக்கு முன்னால் ஒரு சதுரம் மட்டும் நெருப்பாகச் சுடும், ஏன் அங்கே மட்டும் சுடுகிறது என்று றப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாளாம், அங்கே தகரத் துண்டு ஒன்று ஆணியடித்து மூடியிருந்ததாம். உடனே பாஸ் விரிப்பை இழுத்துப் போட்டார். இருந்தது மகன்! கொம்பனி போட்ட ஓட்டை தகரத்துக்குக் கீழே, நாம் இத்தனை வருசம் கியர் போட்ட ஓட்டை உளியால் வெட்டினது. நமக்கு விற்றவர் எப்போதோ வேறு வாகனத்துக் கியர் பொக்ஸைப் போட்டு, தண்டையும் அதற்கு ஏற்ற மாதிரி வெட்டியிருக்கிறார். நீ அனுப்பிய நம்பர் புத்தகத்துக்குச் சரி, நம் கெப்புக்குத்தான் சரியில்லை. பிழை உன்னுடையதும் இல்லை, ஷிராஸுடையதும் இல்லை, விரிப்பைத் தூக்கிப் பார்க்காத என்னுடையது.

அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் போட்டு உடைந்த கியர் பொக்ஸின் பிசுக்கைக் கழுவி, வார்ப்பில் இருந்த நம்பரைப் பார்த்து எழுதினாள். அடுத்த நாள் காலையிலேயே இரண்டு கியர் பொக்ஸையும் ஆட்டோவில் ஏற்றி, அம்மாவின் தையல் டேப்பையும் எடுத்துக்கொண்டு நானும் பாஸும் தங்கச்சியும் கடுகண்ணாவைக்குப் போனோம். கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன், அதை விடுங்க அண்ணே என்று ஷிராஸ் கட்டையான அந்தப் புதியதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தங்கச்சி எழுதிய நம்பரிலேயே இரண்டைக் காட்டினார். ஒன்று வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று, மற்றது பன்றிக் குட்டி மாதிரி கறுப்பாகப் பிசுக்குப் பிடித்துக் கிடந்தது. நான் பளபளப்பில் கை வைத்தேன். பாஸ் இரண்டிலும் கொஞ்சம் ஒயிலைத் தட்டில் வடித்து, காந்தத் துண்டு ஒன்றைத் தங்கச்சி கையில் கொடுத்தார். வெள்ளிக்காரனில் ஊசி ஊசியாக இரும்புத் தூள் ஏறியது, உள்ளே பல் தேய்ந்து உதிர்ந்த தூள் அது. கறுப்பனில் ஒன்றுமே இல்லை. கறுப்பனின் நீளத்தை இரண்டு முறை அளந்தாள், முன் தண்டின் பற்களை விரல் வைத்து எண்ணினாள், எல்லாம் நம்முடையதோடு ஒத்து வந்தது, கறுப்பனையே எடுத்தோம். ஷிராஸ் என்னைப் பார்த்து, மகளை இங்க விட்டுட்டுப் போங்க அண்ணே, கடைக்கு ஆள் தேவை என்றார். முகம் சிவந்து ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் கறுப்பனைக் கெப்பில் பூட்டி முடித்து, பின்னால் பத்து மூடை மணல் ஏற்றிக் கடுகண்ணாவைக் கணவாய் இறங்கித் திரும்பி ஏறினோம். பழையதில் மூன்றாவது கியர் ஏற்றத்தில் கழன்று விழும், விழாமல் நடுவில் இருப்பவள் முழங்காலால் தடியை முட்டுக் கொடுத்திருப்பாள், இது உனக்குத் தெரியாது. அன்றும் பழக்கத்தில் முழங்காலை வைத்தாள். காலை எடு பிள்ளை என்றேன். எடுத்தாள். இரண்டு பேரும் தடியையே பார்த்துக் கொண்டிருந்தோம், வளைவு வந்தது, அடுத்த வளைவும் வந்தது, அசையவில்லை மகன்! உச்சியில் உன் தங்கச்சி வாய்விட்டுச் சத்தமாகச் சிரித்தாள், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதம் முடிந்தது என்று மயில்வாகனம் கெப்பை இழுத்துப் போகக் கயிறும் ஆளுமாக வந்தார். ஏறுங்கள் என்று கூட்டிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன், இறங்கும்போது, ஓம் ஓம், இனி நீர் தரமாட்டீர் என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நேற்று விடியக் காலை பன்விலயில் ஹோர்ன் அடித்தேன், இருபத்திரண்டு மூடை வந்தது.

ஆகவே கெப் விற்பனைக்கு இல்லை, வாக்குத் தவறாமலே சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பியைக் கழற்றாதே, பூசை தவற விடாதே, அம்மாவுக்குக் கிழமையில் இரண்டு தரமாவது போன் எடு. மாதா உன்னைத் தன் கையில் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இனிமேல் கெப்பைப் பற்றி ஏதும் சொல்வதாக இருந்தால் எனக்கு போன் எடுக்காதே, தங்கச்சிக்கு எடு. அவள் சொன்னால் விற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
லூர்து