இடது பொத்தானில் ஒட்டிய டேப்

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். போனில் வேலையில் ஜாக்கிரதை என்று பேச்சை எடுத்தாலே "எல்லாம் பாத்துக்கறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து உன் போனுக்கே அனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லி என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

மீசைக்காரருக்குத் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. நீ இங்கே வேலை பார்த்தபோது பக்கத்துப் பிரஸ்ஸில் நின்றாரே, அவர்தான். விபத்துக்கு எட்டு நாள் முன்புதான் என் பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தார். பிரஸ்ஸை ஓட்ட இரண்டு பொத்தானையும் ஏன் இரண்டு கையால் அழுத்த வேண்டும் என்று கேட்டேன். "தகடு வெக்கிற கை உள்ள மாட்டக் கூடாதுன்னுதான்" என்று பளிச்சென்று சொன்னார். பத்துக்குப் பத்து வாங்கி, கையெழுத்தும் போட்டார். விபத்து நடந்த அன்று மேனேஜர் முதலில் தேடியது அந்தத் தாளைத்தான். "பயிற்சி குடுத்தாச்சு, நம்ம மேல தப்பில்ல" என்று கோப்பில் வைத்தார்.

மறுவாரமே படம் போட்டுக் காட்டும் பயிற்சியைத் தூக்கிப் போட்டேன். ஐந்தைந்து பேராகப் பிரஸ் பக்கத்திலேயே நிறுத்தி, நிஜமாக எப்படி ஓட்டுகிறீர்கள் என்று காட்டுங்கள், யார் பெயரையும் எழுத மாட்டேன் என்றேன். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் நானே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இடது பொத்தானை அமுக்கி டேப் ஒட்டி, ஒற்றைக் கையால் ஓட்டுவதுபோல் காட்டினேன். பயிற்சி கொடுக்க வருவதற்கு முன் ஆறு வருடம் நானும் இப்படித்தான் ஓட்டினேன் என்றேன். அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். பொத்தான் ரொம்ப உயரத்தில் இருக்கிறதாம், மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறதாம். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் விதியை மட்டும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மேனேஜரோடு தினமும் மல்லுக்கட்டி, நேற்று ஒரு பிரஸ்ஸில் பொத்தானைக் கீழே இறக்க வைத்தேன். இன்னும் பதினொன்று பாக்கி.

மீசைக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "டேப் வித்தைய உன் தம்பிதாம்மா சொல்லிக் குடுத்தான். தங்கமான பையன், என் தோள்வலி பாத்து மனசு கேக்கல அவனுக்கு" என்றார். கோபமே இல்லை அவரிடம். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? நீ இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டேப்பைக் கிழித்து உன் கையில் கொடுத்தது நான். இத்தனை வருடத்தில் நான் கொடுத்த பயிற்சியிலேயே யாரும் மறக்காதது அது ஒன்றுதான்.

போன மாதம் புது வேலையிடத்தில் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் அனுப்பினாய். இளைத்துவிட்டான் என்று அம்மா உன் முகத்தைப் பார்த்தாள். நான் நேற்றுதான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோளுக்குப் பின்னால் இடது பொத்தான், அதன் மேல் பழுப்பு டேப்.

இதைப் படித்ததும் போய்ப் பிய்த்துப் போடு. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அவர்களுடையதையும் பிய்க்கச் சொல். வேலை மெதுவாகிறது என்று சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும். வேலையை விட்டு அனுப்பினால் வந்துவிடு, உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீ முழுசாக வந்து அவள் முன்னால் நில், எனக்கு அது போதும்.

உன் அக்கா