ஆண் குரல் கேட்காத கடை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? துறைமுகத்தில் கிரேன் மேல் ஏறி உட்கார்ந்தால் காற்று ஆளையே தூக்குகிறது என்று சொன்னீர்களே, காதுக்கு ஏதாவது கட்டிக்கொள்கிறீர்களா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீங்கள் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. உங்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது. இதோடு நாலாவது தடவையாக இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பில் புத்தகத்துக்கு அடியில் வைத்து எழுதுகிறேன். யாராவது வந்தால் எழுந்துபோய் ஃபிரேம் எடுத்துக் காட்டிவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன். காலையில் ஒருவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ கொடுத்து அனுப்பிவிட்டு, தெருமுனை வரை ஓடிப்போய் வாங்கி வந்தேன். மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

அண்ணனுக்குத் தொண்டை ஆபரேஷன் ஆகி ஏழு மாதம் முடிந்துவிட்டது. கழுத்தில் போட்ட துளை நன்றாக ஆறிவிட்டதாக டாக்டர் சொன்னார். இனிமேல் மூச்சு அந்த வழியாகத்தான். வெட்டுகிற முடி உள்ளே போகாமல் இருக்க, மெல்லிய துணியை மடித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் சலூனில் நிற்கிறார். குரல் போய்விட்டதால் பேச்சுக்கு ஸ்லேட்டு. கழுத்தில் வைத்தால் பேசும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கொடுத்தார்களே, அது சீப்பு டிராயரில் கிடக்கிறது. ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்தார். “டப்பாக்குள்ள எவனோ மாட்டிக்கிட்டான்” என்று எழுதிக் காட்டி உள்ளே போட்டவர்தான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

பாட்டு விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்தே வராது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஆண் குரல்தான் பாட்டு. அவருக்குப் பெண்கள் பாட வேண்டும். நான் ஸ்டேஷனை மாற்றினால், “ஆம்பளைக் குரல் வேணும்னா நான் இருக்கேன்ல, ரேடியோல பொம்பளை பாடட்டும்” என்பார். சொன்னபடியே நாள் முழுக்கக் கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவில் பாடிக்கொண்டுதான் இருப்பார். அதனால் இப்போது சலூனில் பெண் குரல் மட்டும் கேட்பதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனபோது, இரண்டு பேர் சேர்ந்து பாடுகிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆண் பாடுகிற இடம் வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, எட்டி ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். பெண் ஆரம்பித்ததும் கூட்டினார். அந்தப் பாட்டு முடிவதற்குள் ஆறு தடவை. நாற்காலியில் இருந்தவர் பாதிக் கிருதாவோடு கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிபன் கேரியரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். உங்கள் போன் வந்தால் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். அதனால்தான் நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தேன்.

தம்பி, இதை எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. போனில் அது அப்படியே அண்ணன் குரல். முதலில் ஐந்து நிமிஷம் பேசினோம், அப்புறம் அரை மணி, அப்புறம் முக்கால் மணி. கப்பலில் என்ன சரக்கு, கூட வேலை செய்கிறவர் பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்ததா என்று நான் கேட்டதெல்லாம் பதில் தெரிந்துகொள்ள இல்லை. நீங்கள் பேச்சை நிறுத்திவிடக் கூடாதே என்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் குளிக்கும்போது பாடுவாரே அந்தப் பாட்டைப் பாடச் சொன்னேன். “என்ன அண்ணி, திடீர்னு” என்று சிரித்துவிட்டு நாலு வரி பாடினீர்கள். அதை நான் போனில் பதிவு செய்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் குரல் என்று என்னிடம் இருப்பது “இதோ வரேன்”, “பல்பு வாங்கணுமா” என்ற இரண்டு துண்டுகள்தான். ஆபரேஷனுக்கு முன்னால் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். மணி பார்க்க எடுத்தவர் எதையோ அழுத்தியிருக்கிறார். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் அப்படிப் பளிச்சென்று இருந்ததை இந்த ஏழு மாதத்தில் நான் பார்க்கவில்லை. ஸ்லேட்டில், “இதை எப்ப எடுத்தே?” என்று எழுதினார்.

தன்னுடைய குரல் என்று நினைத்துவிட்டார் தம்பி.

“போன வருஷம். உங்களுக்குத் தெரியாம எடுத்தேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது.

தன் போனுக்கு அனுப்பி வாங்கிக்கொண்டார். சலூன் ஸ்பீக்கரில் போட்டார். வந்தவர்களிடமெல்லாம் மார்பைத் தட்டிக் காட்டினார். எப்போதும் ஷேவிங்குக்கு வருகிற பஸ் டிரைவர், “அண்ணே, கேட்டு எவ்வளவு நாளாச்சு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பதினோரு நாள். இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டார். டிராயரில் இருந்த மெஷினை எடுத்துத் துடைத்து, என்னை ஒரு தடவை கூப்பிட்டுக்கூடப் பார்த்தார். நான் மட்டும் பாத்திரத்தைக் கீழே போட்டுக்கொண்டும், பூட்டிய கதவை இரண்டாவது தடவை போய் இழுத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். உங்கள் போன் வந்தால் சத்தம் வராமல் அமுக்கிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள், “தம்பி ஏன் கூப்பிடலே?” என்று எழுதினார். அப்புறம் அதை அழித்துவிட்டு, “இந்தப் பாட்டை அவனுக்கு அனுப்பு. என் குரலே மறந்திருப்பான்” என்று எழுதினார்.

அதற்கு மேல் முடியவில்லை. மறுநாள் மதியம் லீவு கேட்டுக்கொண்டு சலூனுக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். படியில் உட்கார்ந்து பேசியது, பதிவு செய்தது, பஸ்ஸில் கேட்டது, எதையும் விடவில்லை. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்து முடித்துக் கத்தியை மடித்து வைத்துவிட்டு, ஆட்கள் உட்காருகிற நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார். மடியில் ஸ்லேட்டை வைத்து, “நான் இப்படித்தான் பாடுவேனா?” என்று எழுதினார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாடியதை ஒரு தடவை மனசுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தது நீங்கள் பாடியதுதான். எவ்வளவு தேடியும் அதுதான் வந்தது. பதினெட்டு வருஷம் அவரோடு இருந்திருக்கிறேன்.

“ஆமா, இப்படித்தான்” என்றேன். கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்லேட்டைத் துடைத்துவிட்டார்.

இரண்டு நாள் சலூனில் ரேடியோவே ஓடவில்லை. மூன்றாம் நாள் நான் சாப்பாடு கொண்டுபோன நேரத்தில் அந்த டிரைவர் வந்து, “அண்ணே, உங்க பாட்டைப் போடுங்க” என்றார். எனக்கு உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று தெரியவில்லை. அண்ணன் ஸ்லேட்டில் எழுதி நீட்டினார். டிரைவர் அதை வாய்விட்டுப் படித்தார்: “அது நான் இல்லை. என் தம்பி.” டிரைவரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் பாட்டைப் போட்டார். நாலு வரியும் முடிகிற வரை சத்தத்தைக் குறைக்கவில்லை.

ஆனால் வீட்டில் அதைப் போடுவதில்லை. என் போன் அடித்தால் யார் என்று பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் படிப் பக்கம் போனாலே, துணி எடுக்கப் போனாலும், சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். இன்று காலை கிளம்பும்போது ஸ்லேட்டை என் முன்னால் வைத்தார். “ஞாயிற்றுக்கிழமை அவன் போனை என்கிட்ட கொடு.” அவ்வளவுதான் இருந்தது. கோபமா என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்கு வேண்டாம், அண்ணன் நம்பருக்கே கூப்பிடுங்கள். அவரால் பதில் பேச முடியாது. போன் மேல் தட்டுவார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். கிரேன், கப்பல், சின்ன வயதில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டது, எது வேண்டுமானாலும். பாடச் சொல்லி அவர் கேட்கிற மாதிரி தோன்றினால் பாடுங்கள். நான் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டேன். கடைத்தெருவில் எனக்கு வேலை இருக்கிறது. முடியக் கொஞ்சம் நேரமாகும். இனிமேல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அந்த வேலை இருக்கும்.

என் போனில் இருந்ததை அழித்துவிட்டேன்.

தூசியில் நிற்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். தொண்டை கொஞ்சம் கரகரத்தாலும் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அண்ணன் மாதிரி நாலு மாதம் வெந்நீர் குடித்துப் பார்க்காதீர்கள். உங்கள் குரலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நூறு வயது நன்றாக இருங்கள் தம்பி.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி