சுவரில் மூன்று ஷிப்டு

ஜூஜுவாடி
20.10.1991

அன்புள்ள ஜமீரின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனைவி முனவர் பேகம் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நான் பழைய எடையோடும் இருக்கிறேன். ரியாத்தில் உங்கள் உடம்பு எப்படி?

மழையைப் பற்றி உங்கள் தங்கை எழுதியதை நம்ப வேண்டாம். அவள் கிருஷ்ணகிரியில் மாடியில் உட்கார்ந்து பார்த்த மழை அது. இங்கே ஏரி நிரம்பினால் தண்ணீர் ஓடை வழியே போய்விடும். நம் தெருவுக்குப் பின்னால் புதிதாக வந்த கம்பெனி ஓடைக்குக் குறுக்கே மதில் எழுப்பியிருந்தது. தண்ணீர் திரும்பி நம் வீட்டுக்குள் வந்தது. பள்ளிவாசல் பிரியாணி தேக்சாக்களில் பிள்ளைகளை உட்காரவைத்து, மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். நானும் ஒன்றில் ஏறினேன். அது அங்கேயே தரை தட்டியது. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா, "நீ எறங்குக்கா, தேக்சாவாவது பொழைக்கட்டும்" என்றாள்.

பிறகு அவள் புருஷன் கரியப்பனும் மற்றவர்களும் கடப்பாரையால் மதிலை உடைத்தார்கள். அவர் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இறங்கியது.

இப்போது கம்பெனி அதை மறுபடி அடைக்கப் பார்க்கிறது. அடைத்தால் அடுத்த மழைக்கு நம் தெரு இருக்காது. அதனால் உடைத்த இடத்தை விட்டு நகராமல் அங்கேயே அடுப்பு மூட்டி, தெருவுக்கே சோறு பொங்குகிறோம். கம்பெனிச் சங்கு ஊதினால் நாங்களும் மூன்று ஷிப்டாக ஆள் மாறுகிறோம். முதல் ஷிப்டு பெண்களுடையது. கம்பெனி அனுப்பிய கொத்தனார் கங்கப்பன் செங்கல்லோடு வந்தார். சாப்பாட்டு நேரம், இலை போட்டோம். சாப்பிட்டுக் கை கழுவியவர், "இந்தக் கையால எப்படிம்மா இங்க கல்லு வெக்கிறது?" என்று கொத்துக்கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் குழம்புக்குப் பயந்து ஓடினார் என்று கெம்பம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

நேற்று மேனேஜர் வந்தார். மதிலை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டால் கரியப்பனுக்குப் போன வேலை திரும்பக் கிடைக்குமாம். அவர், "வேலைய நீங்க வெச்சுக்கங்க சார், தண்ணிக்கு வழிய உடுங்க" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போகச் சொல்லி எழுதியிருந்தீர்கள். போகமாட்டேன். தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள். ரியாத் கோபம் தபாலில் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும்.

ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடும்முன் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். மூன்றாவது ஷிப்டுக்கு இங்கே ஆள் பற்றவில்லை. உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறேன். அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அசையாமல் உட்கார்ந்திருக்கும்
முனவர் பேகம்