கன்னத்தில் போட்டுக்கொள்ளாதே, அக்கா

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து பளார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் என் மகள் கணக்குப் பரீட்சைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருக்கிறாள். "மக்கு, மக்கு" என்று வேறு. கற்பூர வாசனையும் அந்தச் சத்தமும் சேர்ந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு நீதான் தெரிந்தாய்.

உன் கை எப்படிப்பட்ட கை என்று எனக்கல்லவா தெரியும். விழிதியூரிலிருந்து காரைக்கால் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகும்போது ஒருத்தன் என் சடையைப் பிடித்து இழுத்தானே, எவர்சில்வர் டிபன் டப்பாவால் அவன் மண்டையில் ஒரே போடு போட்டாய். டப்பா நெளிந்தது. தயிர்சாதம் அவன் சட்டையெல்லாம் வழிந்தது. கண்டக்டர் அவனைத்தான் இறக்கிவிட்டார். "என் தங்கச்சி மேல கை வச்சா கையை முறிச்சிடுவேன்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாய். அன்று சாயந்திரம் பசியோடு, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

அந்தக் கையைத்தான் குரும்பகரத்தில் அத்தானுக்குப் பிடித்துக் கொடுத்தோம்.

அத்தான் உன்னை ஒரு நாளும் அடித்ததில்லை. ஊரே அதைப் பெருமையாகச் சொல்லும். அவர் எதற்கு அடிக்க வேண்டும்? வாய் இருந்ததே. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால், "நீ எதுக்குடி லாயக்கு?" பால் பொங்கி வழிந்தால் அதே கேள்வி. விருந்தாளிகள் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார், அவர்களும் சிரிப்பார்கள். முதலில் தலையில் லேசாகக் குட்டிக்கொண்டாய். பிறகு கன்னம். பிறகு அடுப்படிச் சுவரில் நெற்றி. தன் கை நோகாமல் உன் கையாலேயே உன்னை அடிக்க வைத்தார், பாவி.

அம்பகரத்தூர் அம்மன் சன்னதியை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. தீபாராதனையின்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீயும் போட்டுக்கொண்டாய். அவர்கள் நிறுத்தினார்கள், நீ நிறுத்தவில்லை. அறைக்கு மேல் அறை. வளையல் உடைந்து கன்னத்தைக் கிழித்தது, உதட்டிலிருந்து ரத்தம் ரவிக்கையில் சொட்டியது. பக்கத்தில் நின்ற பெண்கள் உன்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என்ன பக்தி பாருங்க என்றாள் ஒருத்தி. நான் பாய்ந்து உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். "விடுடி, என் கன்னம்தானே" என்று அலறிக்கொண்டு நகத்தால் என் கையைப் பிறாண்டினாய். இருவரும் கல்தரையில் உருண்டோம். வெட்கமாவது ஒன்றாவது, நான் விடவில்லை.

பிறகு டாக்டரிடம் போனோம். தன்னைத் தானே கேவலமாக நினைத்து நினைத்து மனசு நோயில் விழுந்துவிட்டது, மாத்திரையும் வேண்டும், பேச்சும் வேண்டும் என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் தேறினாய். ஒருநாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாய்: "நான் அடிச்சுக்கிட்டப்ப எல்லாரும் கும்பிட்டாங்கடி. நீ ஒருத்திதான் கையப் புடிச்சே."

பைத்தியத்தோடு குடும்பம் நடத்துகிறான் என்று ஊர் பேசுமாம். அத்தான் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார். அந்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. யாரிடமும் சொல்லாமல் சுருண்டு கிடந்திருக்கிறாய். சேதி கேட்டு நான் ஓடிவந்தபோது, "எனக்கெல்லாம் எதுக்குடி டாக்டரு" என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். காய்ச்சலா கொண்டுபோனது?

இன்று ஓடிப்போய் என் மகளின் கையைப் பிடித்தேன். மற்றக் கையை ஓங்கினாள், அதையும் பிடித்தேன். "விடும்மா, என் கன்னம்தானே" என்றாள். நீ சொன்ன அதே வார்த்தை, அக்கா. மக்கு என்று உன்னை யார் சொன்னது என்று கேட்டேன். போன வாரம் வந்த பெரியப்பாதானாம். அவள் மார்க்கைப் பார்த்துவிட்டு, பெரியம்மா மாதிரியே மக்கு என்று சிரித்தாராம்.

"உன் பெரியம்மா கன்னமும் அவளோடதுன்னுதான் எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க" என்றேன்.

அப்புறம் அந்த பஸ் கதையைச் சொன்னேன். மண்டையிலேயா போட்டாங்க என்று வாயைப் பிளந்தாள். கன்னத்தில் விரல் தடத்தோடு சிரித்தாள். கணக்கை மறுபடி போட உட்கார்ந்தாள். நான் அவள் இடது கையை விடாமல் பக்கத்திலேயே இருந்தேன்.

நாளைக்கு அவளை அதே டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போகிறேன். பொங்கலுக்கு வருவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். வரட்டும், வாசலிலேயே நிற்பேன். உன் டிபன் டப்பா என்னிடம்தான் இருக்கிறது. நெளிவை இன்னும் எடுக்கவில்லை.