பை நோய்க்கு ஊர்ப் பெயர்

மார்ச் 4
விடியலிலிருந்து தூறல். பஸ் இல்லை, தேனீ வளர்ப்பு அலுவலகத்துக்கு நடை. வெளிநாட்டு ஆய்வுகூடத்துக் கடிதம் வந்திருந்தது. யட்டவத்த ஊர் ஹனீபா நானாவின் தேன்பெட்டியில் செத்த தேனீப் புழுக்களை அனுப்பியிருந்தோம், அதற்குப் பதில். வைரஸ்தானாம். உருண்டைத் துகள், உள்ளே ஆர்.என்.ஏ. மேல்நாட்டுத் தேனீக்களின் பை நோய்க் கிருமிக்கு உறவு, ஆனால் அதுவே இல்லை. தனிப் பெயர் வேண்டும். முதலில் கண்ட இடத்தின் பெயரையே வைப்பார்களாம். படிவத்தில் இடத்தை எழுதி அனுப்ப வேண்டும்.

எங்கள் மேலதிகாரி துரை படிவத்தை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். "யட்டவத்தன்னு போடு. வேற என்ன."

குடைக்கம்பி உடைந்துவிட்டது.

மார்ச் 5
படிவத்தை எழுதவில்லை. தை மாதம் நானாவின் பெட்டி ஒன்று மெலிந்து கிடந்தது. மெலிந்த பெட்டிக்குப் பலமான பெட்டியிலிருந்து புழு வளரும் குஞ்சுச் சட்டம் ஒன்று கொடுப்பது எங்கள் வழக்கம். என் வீட்டுப் பெட்டியிலிருந்து நான்தான் கொடுத்தேன். அதில் நாலு புழு தலை தூக்கி, தண்ணீர்ப் பை மாதிரி. குளிரில் செத்தவை என்று நினைத்தேன். ஊசியால் பிடுங்கி எறிந்துவிட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாது.

மார்ச் 7
யட்டவத்த போனேன். நானாவிடம் பதினொரு பெட்டி, ஒன்பது காலி. அடுத்த வீட்டிலும் தொடங்கிவிட்டது. டவுன் கடையில் "நோய்த்தேன்" என்று அவர் போத்தல்களைத் திருப்பிவிட்டார்களாம். புழுவுக்குத்தான் நோய், தேனில் ஒன்றுமில்லை என்றேன். யார் கேட்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே நோய் இருந்தால் இனி எவன் வாங்குவான்?

முதலில் கண்டது என் வீட்டுப் பெட்டியில் என்று எழுதினால் வேலை போய்விடும், இன்னும் நிரந்தரமில்லை. சாயங்காலம் யட்டவத்த என்று எழுதி ஒட்டிவிட்டேன். 

மே 16
பெயர் வந்தாயிற்று. யட்டவத்த வைரஸ். துரைக்கு ஏக சந்தோஷம், தட்டச்சில் மூன்று பிரதி. பஸ்ஸில் ஒரு பெண்: "யட்டவத்த தேனா? வேணாங்க, அதுல என்னமோ சீக்காம்."

பல்பொடி, சவர்க்காரம் வாங்க மறந்தேன். வீட்டுப் பெட்டியில் தேனீ குறைவாகப் பறக்கிறது. திறந்து பார்க்கப் பயம்.

மே 18, ஞாயிறு
நல்ல வெயில். ஹனீபா நானா வீட்டுக்கே வந்தார், கையில் தையில் நான் சட்டம் சுற்றிக் கொடுத்த துணி, துவைத்து. பெயர் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார். கோபமே இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எங்கட ஊருக்கு வந்தது வந்திருச்சு. ஒங்கட பெட்டி சுத்தம், தம்பி. இன்னொரு சட்டம் தாங்க."

மூடியைத் திறந்தேன். வரிசை வரிசையாகத் தலை தூக்கிய புழுக்கள். ஊசி சேர்ட் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. சட்டத்தை அவர் கையில் கொடுத்து, தையில் தந்ததும் இதிலிருந்துதான், அப்போதே பார்த்தேன் என்றேன்.

நானா சட்டத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.